முடியை வெட்டி வைட்டமின் பார்க்கும் மையங்கள்: ஆட்டிசம் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை

'வைட்டமின் கொடுத்தே ஆட்டிசத்தைச் சரிசெய்கிறோம்' என்று சொல்லும் மையத்தில் குழந்தையைச் சேர்க்க யோசித்துக்கொண்டிருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் மகனின் உடம்பைக் கெடுத்ததுதான் மனது ஆறவில்லை.

அவனுக்கு ஆறு வயது. பேச்சு இன்னும் வரவில்லை. சாப்பாட்டில் நிறம், வாசனை, மொறுமொறுப்பு எல்லாம் அவனுக்குப் பிடித்தபடி இருக்க வேண்டும், இல்லையென்றால் தட்டைத் தள்ளிவிடுவான். அதனால் சத்துக் குறைவு பற்றிய கவலை எங்களுக்கு எப்போதும் உண்டு. அந்த மையம் கை வைத்தது இந்தக் கவலையில்தான்.

போனதும் தலைமுடியில் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். வண்ணப் பட்டைகளோடு பல பக்கத்துக்கு ஓர் அறிக்கை வந்தது. வைட்டமின் டி, பி6, துத்தநாகம் எல்லாமே குறைவு, உலோக நச்சு அதிகம், இரும்பு மட்டும் போதுமான அளவு என்று அதில் இருந்தது. இரத்தப் பரிசோதனை வேண்டாமா என்று கேட்டேன். "இரத்தம் இன்றைக்கு இருப்பதைத்தான் காட்டும்மா, முடிதான் உள்ளே இருப்பதைச் சொல்லும்" என்றார் அங்கே இருந்தவர்.

இது பொய். வைட்டமின் டி அளவை இரத்தத்தில் '25-ஹைட்ராக்சி வைட்டமின் டி' என்ற பரிசோதனையில்தான் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். முடிப் பரிசோதனையின் லட்சணம் 1985-லேயே வெளிவந்துவிட்டது. ஆரோக்கியமான இரண்டு இளம் வயதினரின் முடியை 13 ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஒன்று சொன்னதற்கும் இன்னொன்று சொன்னதற்கும் பொருத்தமே இல்லை. 2001-ல் ஒரே ஆளின் முடியை ஆறு ஆய்வகங்களுக்குக் கொடுத்தபோதும் அதே கதைதான். இரண்டு ஆய்வுகளும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தவை.

அப்புறம் புட்டிகள் வந்தன. சொட்டு மருந்து, மென்று தின்னும் மாத்திரை, தூள் என்று வேறு வேறு பெயர்களில் மூன்று. மூன்றிலும் வைட்டமின் டி இருந்தது. நான்கு முதல் எட்டு வயது வரையிலான குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை 600 யூனிட். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் 3,000-க்கு மேல் போகக்கூடாது. மூன்று லேபிள்களையும் கூட்டினால் இந்த உச்ச வரம்பைப் போலப் பல மடங்கு வந்தது. மாற்றம் தெரியவில்லை என்று சொன்னால் அளவை இன்னும் கூட்டச் சொன்னார்கள்.

கொஞ்ச நாளில் வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம். அடிக்கடி சிறுநீர் போனான். போன் செய்தால், "நச்சு வெளியேறுகிறது, இப்போது நிறுத்தினால் எல்லாம் வீண்" என்றார்கள். குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். வைட்டமின் டி அளவு ஒரு மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 150 நானோகிராமைத் தாண்டியிருந்தது, அதாவது நச்சு நிலை. அதனால் இரத்தத்தில் கால்சியம் எகிறியிருந்தது. மருத்துவமனையில் சேர்த்து இரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்றினார்கள். அதே இரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பு, மிகக் குறைவு. அவனுக்கு நிஜமாகவே இருந்த குறையை அறிக்கையும் சொல்லவில்லை, புட்டிகளிலும் அது இல்லை.

பி6 பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வயதுக்குத் தினத் தேவை 0.6 மில்லிகிராம், உச்ச வரம்பு 40. அதிக அளவில் நீண்ட நாள் கொடுத்தால் நரம்பு பாதிக்கும், கை கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். பேசத் தெரியாத பிள்ளை கால் மரத்துப்போகிறது என்று எப்படிச் சொல்லும்? பி6-உம் மெக்னீசியமும் ஆட்டிசத்துக்கு உதவும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2005-லேயே சொல்லிவிட்டது. அந்த மூன்று புட்டிகளில் ஒன்றில் பயோட்டின் என்ற பி வகை வைட்டமினும் நிறைய இருந்தது. அது தைராய்டு பரிசோதனை முடிவுகளையே தவறாகக் காட்டும் என்பதால் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று.

வைட்டமின் டி கொடுத்தால் ஆட்டிசம் குறையும் என்பதற்கு அவர்கள் சுவரில் ஒட்டியிருந்த 2016 ஆய்வை, அதை வெளியிட்ட இதழே 2019-ல் திரும்பப் பெற்றுவிட்டது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குச் சராசரியாக வைட்டமின் டி குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் ஒரு சில உணவையே சாப்பிடுவதும் வெயிலில் குறைவாக விளையாடுவதும்கூட அதற்குக் காரணமாகலாம். குறைவு இருந்தால் நிரப்ப வேண்டும், சரி. அதை நிரப்பினால் ஆட்டிசம் போய்விடும் என்பது வேறு பேச்சு.

சத்துக் குறைவை அலட்சியம் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டை மிகவும் சுருக்கிக்கொண்ட குழந்தைகளுக்கு வைட்டமின் சி இல்லாமல் ஸ்கர்வி வந்து, ஈறில் இரத்தம் கசிந்து, கால் வலியால் நடக்கவே மறுத்ததுண்டு. வைட்டமின் ஏ இல்லாமல் பார்வை போனதும் உண்டு. பிள்ளை என்னென்ன சாப்பிடுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி என்று எதைப் பார்க்க வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "நாங்கள் கொடுத்தது மருந்தே இல்லை, ஊட்டச்சத்து மட்டும்தான்" என்று மையத்தில் கையெழுத்துப் போட்ட படிவத்தை நீட்டுகிறார்கள். எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம்.

இப்படிப்பட்ட புட்டிகள் உங்கள் வீட்டிலும் இருந்தால் எதையும் தூக்கிப் போடாதீர்கள். லேபிளோடு அப்படியே மருத்துவரிடம் கொண்டு போங்கள். வாந்தி, தாகம், மலச்சிக்கல், சோர்வு தெரிந்தால் அன்றைக்கே கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள். வைட்டமின் டி கொழுப்பில் தங்கிவிடும், புட்டியை நிறுத்திய பிறகும் இறங்க வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். என் மகனுக்கு இன்னும் இரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.