ரெவ்-1 தடுப்பு மருந்து: ஊசியைவிடக் கண்சொட்டே மேல்

செம்மறியாடுகளும் வெள்ளாடுகளும் சினையின் பிற்பகுதியில் கரு வீசுவதற்குக் காரணமான புருசெல்லா மெலிடென்சிஸ் கிருமிக்கு எதிராக, நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கும் தடுப்பு மருந்து ரெவ்-1 ஒன்றே. 1950-களில் ஆய்வாளர்கள் எல்பெர்க்கும் ஹெர்ஸ்பெர்க்கும் வீரியம் குறைத்து உருவாக்கிய இந்த உயிருள்ள கிருமிக்கு இணையான மாற்று இன்னும் வரவில்லை. கொல்லப்பட்ட கிருமியைக் கொண்ட எச்-38, ஊசி போட்ட இடத்தில் கடும் வீக்கத்தை உண்டாக்கியதாலும், இரத்தத்தில் எதிர்ப்பொருள்களை நெடுங்காலம் விட்டுச்சென்றதாலும் வழக்கொழிந்தது. மாடுகளுக்குப் போடப்படும் ஆர்பி-51 செம்மறியாடுகளைக் காப்பதில்லை. சீனாவில் வாய்வழியாகத் தரப்படும் எஸ்-2 வேலையை எளிதாக்குகிறது என்பது உண்மைதான். ஆனால் குடிநீரில் கலந்து கொடுக்கும்போது எந்த ஆடு எவ்வளவு குடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ரெவ்-1 மருந்தின் பயன் அதை இடும் வழியைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. ஏறத்தாழ 50 கோடி முதல் 200 கோடி வரை உயிருள்ள கிருமிகள் அடங்கிய ஒரு வேளை அளவைத் தோலுக்கடியில் செலுத்தினால், அது உடல் முழுவதும் பரவிப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அதனால் உருவாகும் எதிர்ப்பொருள்கள் நீண்ட நாள் தங்கிவிடுவதால், எதிர்ப்பொருள்களைக் கண்டறியும் ரோஸ் பெங்கால் இரத்தப் பரிசோதனையில் நோயுற்ற ஆட்டையும் தடுப்பூசி பெற்ற ஆட்டையும் பிரித்தறிய இயலாமல் போகிறது. அதே அளவை ஒரு சிறு துளியாகக் கண்ணில் இட்டால், நோயெதிர்ப்புத் தூண்டல் தலை, கழுத்துப் பகுதி நிணநீர்க் கணுக்களோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பாதுகாப்புக் குறையாமலே, இளங்குட்டிகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் சில மாதங்களில் தணிகின்றன. 3 முதல் 6 மாத வயதுக் குட்டிகளுக்கு இம்முறையே நான் பார்த்தவற்றுள் மிகச் சிறந்தது. பொறுமையாகத் தலையைப் பிடித்து, துளி கண்ணுக்குள் விழுந்ததை உறுதிசெய்ய வேண்டியிருப்பது கூடுதல் உழைப்புதான். அந்த உழைப்பு வீணாவதில்லை.

இதன் பெருங்குறை சினை ஆடுகளிடம் தெரிகிறது. கண்சொட்டாக இட்டாலும் கரு வீசக்கூடும், பாலிலும் மருந்துக்கிருமி வெளிப்படக்கூடும். சினையின் நடுப்பகுதியில் இந்த ஆபத்து மிகுதி. அளவைக் குறைத்தால் ஆபத்து நீங்கும் என்று சிலர் நம்புகிறார்கள். குறைந்த அளவு பாதுகாப்பைத்தான் குறைக்கிறது. கரு வீசுவதை முழுமையாகத் தடுப்பதில்லை. ஆகவே நோய் பரவலாக உள்ள இடத்தில் வளர்ந்த ஆடுகளுக்கும் சேர்த்து மந்தை முழுவதற்கும் இட வேண்டியிருந்தால், ஈற்றுக்காலம் முடியும் தறுவாயையோ, அடுத்த இனச்சேர்க்கைக்கு முந்தைய நாட்களையோ தேர்ந்தெடுப்பதே முறை.

மருந்தை இடுபவரின் பாதுகாப்பைப் பற்றி விற்பனையாளர்கள் இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ரெவ்-1 மனிதருக்கும் நோய் தரவல்லது. புருசெல்லா கிருமியால் மனிதருக்கு வரும் புருசெல்லோசிஸ் நோயின் சிகிச்சையில் பயன்படும் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்கு இக்கிருமி கட்டுப்படாது. கையுறையும் கண்ணாடியும் இன்றிக் குப்பியைத் திறக்கவே கூடாது. கையில் ஊசி குத்தினாலோ கண்ணில் தெறித்தாலோ, உடனே கழுவிவிட்டு மருத்துவரிடம் சென்று, மருந்தின் பெயரையும் இந்த எதிர்ப்புத்தன்மையையும் தாமாகவே எடுத்துச் சொல்ல வேண்டும்.

உறைநிலையில் உலர்த்திய தூளாக வரும் இம்மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருந்து, கரைத்த சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். குளிர்பதன வசதி இல்லாதவர்களும், இட்ட குட்டிகளுக்குக் காதில் அடையாளமிட்டுப் பதிவு வைக்க இயலாதவர்களும் அந்த ஏற்பாடுகளைச் செய்துகொண்ட பிறகு இதை வாங்குவதே சரி.