ஹாமில்டனின் கருவூலமும் ஜெஃபர்சனின் கழனியும்

1789-இல் ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்றபோது அமெரிக்கக் குடியரசிடம் புதிய அரசமைப்பு இருந்தது; கஜானாவில் காசு இல்லை. நாட்டை எந்த வழியில் வளர்ப்பது என்பதில் அவருடைய அமைச்சரவைக்குள்ளேயே இரண்டு கட்சிகள் உருவாயின. வலுவான மத்திய அரசு, தவறாமல் வட்டி செலுத்தப்படும் பொதுக்கடன், தேசிய வங்கி, ஆலைத்தொழில் ஆகியவை கருவூலச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் வழி. வெளியுறவுச் செயலர் தாமஸ் ஜெஃபர்சனோ, சொந்த நிலத்தில் உழுது வாழும் குடியானவரே குடியரசின் ஆணிவேர் என்றும், கடனும் வங்கியும் அரசைச் சிலரின் கைக்குள் கொண்டுபோய்விடும் என்றும் கருதினார்.

முதல் மோதல் போர்க்கடன் பற்றியது. விடுதலைப் போரில் சம்பளத்துக்குப் பதிலாகக் கடன் பத்திரம் பெற்ற வீரர்கள் பலர், பிழைப்புக்கு வழியின்றி அதை அடிமாட்டு விலைக்கு விற்றிருந்தனர். 1790 ஜனவரியில் ஹாமில்டன் முன்வைத்த திட்டம், பத்திரம் இப்போது யார் கையில் இருக்கிறதோ அவருக்கே முழு முகமதிப்பையும் ஏற்பது. மாநிலங்களின் கடனையும் மத்திய அரசே சுமப்பது. முதலில் வைத்திருந்தவருக்கும் ஒரு பங்கு தர வேண்டும் என்ற வர்ஜீனியா உறுப்பினர் ஜேம்ஸ் மாடிசனின் யோசனை பிரதிநிதிகள் சபையில் 36-க்கு 13 என்ற கணக்கில் தோற்றது. நியாயம் மாடிசன் பக்கம் இருந்தது என்பதே என் எண்ணம். ஆனால் பத்திரத்தை வாங்கியவருக்கு முழுத்தொகை கிடைக்குமா என்ற ஐயம் எழுந்துவிட்டால் அடுத்த முறை அரசின் பத்திரத்தை எவரும் நம்பி வாங்கமாட்டார்கள் என்ற ஹாமில்டனின் கணக்கு, பிற்பாடு ஜெஃபர்சனுக்கே கைகொடுத்தது. மாநிலக் கடன் தீர்மானம், தலைநகரை வர்ஜீனியாவை ஒட்டிய பொட்டோமாக் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகும் உடன்பாட்டோடு சேர்ந்தே நிறைவேறியது. தன் கடனில் பெரும்பகுதியை ஏற்கெனவே அடைத்திருந்த வர்ஜீனியாவுக்கு அந்த ஈர்ப்பு தேவைப்பட்டது.

வங்கி விவகாரம் அரசமைப்பைப் படிக்கும் முறையைப் பற்றியதாக மாறியது. அரசமைப்பில் வெளிப்படையாக வழங்கப்படாத அதிகாரம் மத்திய அரசுக்குக் கிடையாது என்றார் ஜெஃபர்சன். வழங்கப்பட்ட அதிகாரத்தைச் செயல்படுத்தத் தேவையான வழிமுறையும் அதற்குள் அடங்கும் என்றார் ஹாமில்டன். 1791 பிப்ரவரியில் வங்கிச் சட்டத்தில் வாஷிங்டன் கையெழுத்திட்டார். ஒரு கோடி டாலர் மூலதனமும், அதில் ஐந்தில் ஒரு பங்கு அரசுக்கும், 20 ஆண்டு சாசனமும் கொண்டதாக அந்த வங்கி பிலடெல்பியாவில் தொடங்கியது.

ஹாமில்டன் வழியின் கசப்பான பக்கம் மேற்குப் பென்சில்வேனியாவில் தெரிந்தது. அலெகெனி மலைகளுக்கு அப்பால் இருந்த விவசாயியால் ரை தானியத்தை மூட்டையாகக் கிழக்குச் சந்தைக்குக் கொண்டுபோய்க் கட்டுப்படியாகாது. அதையே விஸ்கியாகக் காய்ச்சினால் பொதிக்குதிரை சுமக்கும் சரக்கின் மதிப்பு பல மடங்காகும். ரொக்கம் அரிதான அந்தப் பகுதியில் விஸ்கியே கூலியாகவும் பண்டமாற்றுப் பொருளாகவும் புழங்கியது. கடன் வட்டிக்காக வந்த 1791-இன் கலால் சட்டம் நாட்டுப்புறத்தில் விஸ்கி காய்ச்சும் கொப்பரைகளுக்கு அவற்றின் கொள்ளளவை வைத்து ஆண்டு வரி விதித்தது. ஆண்டு முழுவதும் கொப்பரையை ஓட்டும் பெரிய உற்பத்தியாளருக்கு அந்த வரி ஒவ்வொரு காலனிலும் சிறு துளியாகப் பரவிவிடும். அறுவடைக்குப் பின் சில வாரங்கள் மட்டும் காய்ச்சுபவருக்கோ அது முழுச் சுமையாக இறங்கும். அதையும் ரொக்கமாகவே கட்ட வேண்டும். வழக்கு என்றால் மலை தாண்டிப் பிலடெல்பியாவுக்குப் போக வேண்டும். 1794-இல் கலகம் வெடித்ததும் வாஷிங்டன் சுமார் 13,000 படையினரைத் திரட்டினார். அரசின் அதிகாரம் நிலைநாட்டப்பட்டது. ஆனால் ஏழையின் வரியில் இருந்து பணக்காரரின் பத்திரத்துக்கு வட்டி போகிறது என்ற ஜெஃபர்சன் தரப்பின் குற்றச்சாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி கிடைத்திருக்காது.

1801-இல் ஜெஃபர்சன் குடியரசுத் தலைவரானார். கலால் வரி ஒழிந்தது, படைச்செலவு சுருங்கியது. கருவூலச் செயலர் ஆல்பர்ட் காலட்டின் எட்டே ஆண்டுகளில் கடனைச் சுமார் 8.3 கோடி டாலரிலிருந்து 5.7 கோடிக்குக் குறைத்தார். அதுவும், இடையில் பிரான்சிடமிருந்து லூசியானாவை வாங்கிய பிறகு. 1803-இல் அந்தப் பெருநிலத்துக்கான 1.5 கோடி டாலரில் 1.125 கோடி, 6 விழுக்காடு வட்டிப் பத்திரங்களாகத் தரப்பட்டது. அவற்றை லண்டனின் பேரிங் நிறுவனமும் ஆம்ஸ்டர்டாமின் ஹோப் நிறுவனமும் நெப்போலியனுக்கு ரொக்கமாக்கிக் கொடுத்தன. அதுவும் பிரிட்டனும் பிரான்சும் போரில் இருந்த காலத்தில்! குடியானவர்களுக்கு நிலம் வாங்கித் தந்தது ஜெஃபர்சன். அந்தப் பத்திரத்துக்கு மதிப்பை ஏற்றிவைத்தது ஹாமில்டன். நிலம் வாங்கும் அதிகாரம் அரசமைப்பில் எங்கே இருக்கிறது என்ற கேள்வி ஜெஃபர்சனையும் உறுத்தியது, ஆனாலும் வாங்கினார்.

1807-இன் வணிகத் தடைச் சட்டத்தில் முரண் தலைகீழானது. பிரிட்டனையும் பிரான்சையும் பணியவைக்க அமெரிக்கக் கப்பல்களைத் துறைமுகத்திலேயே கட்டிப்போட்டதில், சுமார் 10.8 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி அடுத்த ஆண்டில் 2.2 கோடியாக விழுந்தது. சிறிய அரசே வேண்டும் என்றவரின் ஆட்சி, ஹாமில்டன்கூடக் கனவு காணாத அளவுக்கு வணிகத்தில் தலையிட்டது. கடலில் முடங்கிய, வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் மூலதனம் நூற்பாலைகளுக்குத் திரும்பியது. நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் ஹாமில்டன் ஆதரித்த தொழில் நிறுவனம் சில ஆண்டுகளிலேயே முடங்கிப்போயிருந்ததை நினைத்தால், ஆலைகளுக்கு அதிகம் உதவியவர் அவற்றை விரும்பாத ஜெஃபர்சன்தானோ என்று தோன்றும்.

ஒரு கணக்கை இரு தரப்பும் தீர்க்கவில்லை. 1793-இல் எலி விட்னி உருவாக்கிய, பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் பருத்தி அரைவை இயந்திரத்துக்குப் பிறகு, ஜெஃபர்சன் கனவு கண்ட சிறு விவசாயி இருக்க வேண்டிய தெற்கத்திய நிலங்களில் அடிமை உழைப்புத் தோட்டங்கள் பரவின. 1790-இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1810-இல் 12 லட்சத்தை நெருங்கியது. நிலம் பெருகினால் சுதந்திரம் பெருகும் என்ற வாதம் இங்கே உடைகிறது. வடக்கின் வணிகரும் ஆலைக்காரரும் அந்தப் பருத்தியில் பங்காளிகளானதால், ஹாமில்டன் வழியைத் தூய்மையானது என்று தனித்து நிறுத்தவும் முடியாது.

1811-இல் வங்கியின் சாசனம் செனட்டில் சமவாக்கில் நின்று, துணைத் தலைவர் ஜார்ஜ் கிளின்டனின் வாக்கால் புதுப்பிக்கப்படாமல் போனது. மறு ஆண்டே பிரிட்டனோடு போர் மூள, கடன் திரட்ட அரசு திண்டாடியது. முன்பு வங்கியை எதிர்த்த மாடிசனே, குடியரசுத் தலைவராக, 1816-இல் இரண்டாம் வங்கிக்கும் ஆலைகளைக் காக்கும் சுங்க வரிக்கும் கையெழுத்திட்டார். ஆனால் சாலைக்கும் கால்வாய்க்கும் மத்திய அரசின் பணத்தை ஒதுக்கும் மசோதாவை, அரசமைப்பில் இடமில்லை என்று 1817 மார்ச்சில் தடுத்துவிட்டார். நியூயார்க் மாநிலம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் தன் சொந்தக் கடனில் 363 மைல் நீள ஈரி கால்வாயை வெட்டத் தொடங்கி, 1825-இல் முடித்தது.