அஞ்சு சீசன் டிஸ்க் கோல்ஃப் லீக் நடத்தின அனுபவம்: யாரையும் ஒப்புக்குச் சப்பாணி ஆக்காம ஆட வைக்க நாங்க பண்ணது

நான் இருக்கிறது நார்த் கரோலினால சார்லட் பக்கம். 2021 வசந்தத்துல இருந்து புதன்கிழமை சாயந்திரம் ஒரு சின்ன டிஸ்க் கோல்ஃப் லீக், வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு நாள் டோர்னமென்ட், ரெண்டையும் நானும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து நடத்திட்டு வர்றோம். வாரத்துக்கு 20லருந்து 30 பேர் வருவாங்க. அதுல 970 ரேட்டிங் காரரும், அதாவது ரொம்ப நல்லா ஆடறவரும், இருப்பாரு, போன வாரம்தான் முதல் டிஸ்க் வாங்கினவரும் இருப்பாரு. இவங்க எல்லாரையும் ஒரே சாயந்திரத்துல, ஒரே கோர்ஸ்ல, யாருக்கும் மனசு கோணாம ஆட வைக்கணும். அஞ்சு வருஷமா நாங்க முயற்சி பண்ணது இதைத்தான், எது வேலைக்கு ஆச்சு எது ஆகலன்னு எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். கோல்ஃப் மாதிரிதான், பந்துக்குப் பதிலா தட்டு, குழிக்குப் பதிலா சங்கிலி தொங்குற இரும்புக் கூடை. டீ பேட்னு சொல்ற வீசுற மேடைல இருந்து வீசுறோம், தட்டு விழுந்த இடத்துல இருந்து திரும்ப வீசுறோம், கூடைக்குள்ள விழுற வரைக்கும் எத்தனை த்ரோன்னு எண்ணுறோம். கம்மியா எண்ணினவரு ஜெயிச்சாரு. எட் ஹெட்ரிக்ங்கறவரு 1970கள்ல கலிஃபோர்னியால இந்தச் சங்கிலிக் கூடையைக் கொண்டு வந்தாரு, 1976ல பிடிஜிஏ (Professional Disc Golf Association)ங்கற டிஸ்க் கோல்ஃப் சங்கத்தை ஆரம்பிச்சதும் அவருதான். எங்க ஊரு பைன் மரக்காடு, செம்மண்ணு, மழை பேஞ்சா டீ பேட்ல காலு நிக்காது. அந்தக் காட்டுக்குள்ள 18 ஹோல், பார் 54, அதாவது ஒரு ஹோலுக்கு சராசரி மூணு த்ரோன்னு கணக்கு.

முதல் வருஷம் நாங்க பண்ணது ரொம்ப சிம்பிள். ஆளுக்கு 5 டாலர், எல்லாரும் ஒரே லிஸ்ட், ஸ்கோர் கம்மியா போட்ட மூணு பேருக்குப் பரிசு. அப்ப ஒரு அம்மா பத்து வயசுப் பையனோட வருவாங்க, முதல் நாள் 81 போட்டாங்க, ரெண்டாவது வாரம் 78, மூணாவது வாரம் 74. மூணு வாரத்துல ஏழு த்ரோ கொறச்சிருக்காங்க, ஆனா எங்க லிஸ்ட்ல மூணு வாரமும் கடைசிப் பேரு அவங்கதான். நாலாவது வாரம் வந்தாங்க, அஞ்சாவது வாரம் வரல, அப்புறம் வரவே இல்ல. சின்ன வயசுல தெருவுல ஆடுறப்ப பொடிப்பசங்க அழுதா ஒப்புக்குச் சப்பாணின்னு சேத்துக்குவோமே, அவன் அடிச்சாலும் கணக்கில்ல அவுட் ஆனாலும் கணக்கில்ல, அந்த மாதிரிதான் அவங்களை வெச்சிருந்தோம், அதுவும் காசு வாங்கிட்டு. இன்னிக்கும் எனக்கு அது உறுத்துது.

ரெண்டாவது வருஷம் ஹேண்டிகேப் கொண்டு வந்தோம். ஒவ்வொருத்தருக்கும் சராசரி எவ்வளவோ அதுல இருந்து 48ஐக் கழிச்சு, வர்றதை முழுசா அவங்க ஸ்கோர்ல தள்ளுபடி பண்றது. 48 ஏன்னா எங்க கோர்ஸ்ல 48 போட்டா அது கிட்டத்தட்ட 1000 ரேட்டிங் ரவுண்டு, பிடிஜிஏ கணக்குல 1000ங்கறதுதான் ஸ்க்ராட்ச் லெவல், அதாவது தள்ளுபடியே தேவைப்படாத ஆட்டம், எங்க மாதிரி கோர்ஸ்ல ஒரு த்ரோவுக்கு ஏறக்குறைய 10 பாயிண்ட், அப்போ 58 போடறவரு 900 ரேட்டிங் பக்கம். பேப்பர்ல பாக்க அருமையா இருந்துச்சு. நடைமுறைல முதல் பத்து வாரத்துல ஒன்பது வாரம் புதுசா ஆட வந்தவங்கதான் ஜெயிச்சாங்க, நல்லா ஆடறவங்க மூஞ்சி வாரா வாரம் சுருங்கிட்டே போச்சு.

ஏன் இப்படி ஆகுதுன்னு புரியவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. சராசரி 51 போடறவரு நல்ல நாள்ல 48 போடுவாரு, மோசமான நாள்ல 54, அவ்ளோதான். சராசரி 68 போடறவரு நல்ல நாள்ல 60 போடுவாரு, கெட்ட நாள்ல 77. சராசரியை முழுசா தள்ளுபடி பண்ணிட்டா மிச்சம் இருக்கறது 'உன் சராசரியை விட இன்னிக்கு எவ்வளவு நல்லா ஆடின'ங்கற கேள்வி மட்டும்தான், அதுல முதலாமவருக்கு மூணுக்கு மேல வாய்ப்பே இல்ல, ரெண்டாமவருக்கு எட்டு இருக்கு. அந்த மாதிரி பத்து பேர் ஃபீல்டுல இருந்தா வாரா வாரம் அதுல யாரோ ஒருத்தருக்கு நல்ல நாளா அமையத்தான் செய்யும். அதோட புதுசா ஆடறவங்க வேகமா முன்னேறுவாங்க, சராசரி எப்பவும் ஒரு மாசம் பின்னாடியே நிக்கும். அதனால 80 சதவீதம் மட்டும் குடுக்கறதுன்னு மாத்தினோம், பாதிப் பிரச்சனை அதுலயே தீந்துச்சு.

மீதிப் பாதிதான் கஷ்டமானது. நல்ல ஆட்டக்காரர் ஒருத்தர், பேரு வேணாம், சீசன் கடைசில பெரிய பரிசு இருக்குன்னு தெரிஞ்சதும் அதுக்கு முந்தின மூணு வாரம் வேணும்னே மோசமா ஆடினாரு. நான் அதே கார்டுல, அதாவது ஒண்ணா ஆடற குழுவுல, இருந்தேன். 17வது ஹோல்ல 12 அடி புட்டிங், அதாவது கிட்ட நின்னு கூடைக்குள்ள போடற த்ரோ, கண்ணை மூடிட்டு போடுவாரு அதை, ஆனா தட்டு கூடையோட மேல்பட்டைக்கு ஒரு முழம் மேல போய் பின்னாடி சரிவுல உருண்டு ஓடிச்சு. அவரு ஒண்ணும் சொல்லாம மெதுவா நடந்து போனாரு, கார்டுல மத்தவங்களும் தரையைப் பாத்துட்டு நின்னாங்க. இதுக்குப் பேரு சாண்ட்பேகிங். கேட்டு நிரூபிக்க முடியாது, யாரும் தப்பா வீசுறது குத்தமில்லையே. அதனால ஆளைப் பிடிக்காம கணக்கை மாத்தினோம். சராசரிக்குப் பதிலா கடைசி 8 ரவுண்டுல நல்ல 4 ரவுண்டு மட்டும் எடுத்துக்கறது. பந்து கோல்ஃபோட உலக ஹேண்டிகேப் முறைலயும் கடைசி 20ல நல்ல 8தான் எடுக்கறாங்க, அதுல இருந்து எடுத்த யோசனைதான் இது. மூணு வாரம் வேணும்னே 60 போட்டாலும் நல்ல நாலு ரவுண்டு அங்கயே உக்காந்திருக்கும், ஹேண்டிகேப் பெருசா அசையாது. ஏற்ற இறக்கம் ஜாஸ்தியா இருக்கறவங்களுக்குக் கெடைச்ச கூடுதல் சலுகையும் இதுலயே கொறஞ்சிடுச்சு, அதனால 80ஐ 90 சதவீதமா ஏத்திட்டோம். மூணு சீசனா இதைத் தொடல, நல்லா ஓடுது.

ஆனா ஹேண்டிகேப் மட்டும் போதும்னு நெனச்சேன் பாருங்க, அங்க எனக்கு ஒரு தம்பி சரியா சொன்னாப்ல. மதுரைப் பையன், இங்க வந்து ரெண்டு வருஷம், எங்க லீக்ல நான் கூட்டிட்டு வந்த ஆள். ஒரு புதன்கிழமை 63 போட்டு 14 தள்ளுபடில 49 ஆகி முதலிடம். பரிசு டிஸ்க்கைக் கைல குடுத்தேன், வாங்கிட்டு சொன்னாப்ல, "அண்ணா, பதினாலு த்ரோ நீங்க குடுத்து நான் ஜெயிச்சா அது ஜெயிச்ச மாதிரியே இல்லண்ணா, என் லெவல்ல இருக்கறவன் ஒருத்தனை நேருக்கு நேரா ஜெயிக்கணும்." எனக்கு வீட்டுக்குப் போற வழியெல்லாம் அதே நெனப்பு. புதுசா வர்றவங்களுக்கு முதலிடம் கெடைச்சா போதும்னுதான் நாங்க நெனச்சிருந்தோம். அவங்க கேக்கறது அது இல்ல, கணக்குல வர்ற ஒரு ஆட்டம்.

அதுக்கப்புறம் டிவிஷனும், அதாவது லெவல் வாரியா பிரிவுகளும், சேத்தோம். இப்போ ரெண்டும் இருக்கு, ரெண்டுக்கும் வேற வேற வேலை. அன்னன்னிக்குப் பரிசு டிவிஷன் வாரியா, ஹேண்டிகேப் இல்லாம நேரடி ஸ்கோர். சீசன் பாயிண்ட்ஸ் மட்டும் ஹேண்டிகேப் ஸ்கோர்ல. இந்த ரெண்டையும் கலந்து காசைக் குடுத்தப்பதான் சண்டை வந்துச்சு, பிரிச்சதும் நின்னுடுச்சு. யாராவது லீக் ஆரம்பிக்கறதா இருந்தா வேற எதை விட்டாலும் இதை விடாதீங்க.

டிவிஷனுக்கு பிடிஜிஏ ரேட்டிங் எல்லையையே எடுத்துக்கலாம், அவங்க அமெச்சூர் டிவிஷன்கள்ல எம்ஏ2க்கு 935க்குக் கீழ, எம்ஏ3க்கு 900க்குக் கீழ, எம்ஏ4க்கு 850க்குக் கீழ. எங்ககிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு ரேட்டிங்கே கெடையாது, அதனால நம்ம கோர்ஸ் ஸ்கோரை வெச்சே பிரிச்சோம், 53க்குள்ள, 54லருந்து 60, 61க்கு மேல. நீயே பாத்து எந்த டிவிஷன்னு சொல்லுன்னு விட்டோம் ஒரு வருஷம், அது சரிப்படல. வெக்கப்படறவங்க மேல போய் அடி வாங்குறாங்க, விவரமானவங்க கீழ வந்து அள்ளுறாங்க. இப்போ ஸ்கோர் ஷீட்டே சொல்லிடும். ஒரு டிவிஷன்ல ரெண்டு தடவை ஜெயிச்சா அடுத்த வாரம் மேல. புதுசா வர்றவங்க முதல் மூணு ரவுண்டு ஆடலாம், பரிசுக் கணக்குல இல்ல, ஆனா அந்த மூணு வாரத்துக்கு காசும் வாங்கறதில்ல.

ரேட்டிங் எல்லை மட்டும் வெச்சு நடத்துறதுல ஒரு சிக்கல் இருக்கு, அது எங்க 2023 டோர்னமென்ட்ல வந்துச்சு. எம்ஏ4ல ஒரு பையன் ரெண்டாமவரை விட 11 த்ரோ கம்மியா போட்டு ஜெயிச்சான். சுத்தி நின்ன எல்லாரும் 'பேகர்' 'பேகர்'னு, அதாவது சாண்ட்பேகிங் பண்றவன்னு, முணுமுணுத்தாங்க. அவன் மேல ஒரு தப்பும் இல்ல. பிடிஜிஏ ரேட்டிங் கடைசி 12 மாச ரவுண்டுகளை வெச்சு வருது, கடைசி கால்வாசி ரவுண்டை ரெட்டிப்பா எண்ணினாலும் ஆறு மாசமா தினமும் ப்ராக்டிஸ் பண்றவனை அந்த நம்பர் எட்டிப் பிடிக்காது. அவனுக்கு ரூல்படி அங்க ஆட உரிமை இருந்துச்சு, ஆடினான். கப்பைக் கைல வெச்சிக்கிட்டு தலை குனிஞ்சு கார் பக்கம் போனதைப் பாத்தப்ப எனக்குதான் தாங்கல. அடுத்த வருஷத்துல இருந்து பரிசுக் காசைக் கொறச்சு ப்ளேயர் பேக்கைப் பெருசாக்கிட்டோம், வந்த எல்லாருக்கும் ஒரே தரமான டிஸ்க் ஒண்ணு, ஜெயிச்சவங்களுக்கு ஒரு சின்ன டிராஃபி மட்டும். அதோட அந்த முணுமுணுப்பு போச்சு.

கார்டு போடறது பத்தியும் சொல்லணும், இதை யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஒரு கார்டுல நாலு பேர். முழுக்க கலந்து போட்டா புதியவர் பெரியவங்களைப் பாத்து கத்துக்குவாருன்னு நெனச்சோம், கத்துக்கவும் செஞ்சாரு, ஆனா ஒரு வில்லங்கம். தட்டு விழுந்த இடத்தைக் காட்டுற மார்க்கருக்குப் பின்னாடி காலைச் சரியா வைக்கலன்னா ஒருத்தர் சொல்லணும், இன்னொருத்தர் ஆமான்னு உறுதிப்படுத்தணும், அதுதான் ரூல். மூணு பழைய ஆளுங்களுக்கு நடுவுல ஒரு புது ஆள் வாயைத் திறப்பாரா? திறக்கவே மாட்டாரு. அவரு கால் தப்பினா மட்டும் உடனே சொல்லுவாங்க. இப்போ ஒரு கார்டுல ஒரே லெவல் ஆளுங்க ரெண்டு பேராவது இருக்கற மாதிரி போடறோம், ரெண்டு பேர் தனித்தனியா ஸ்கோர் எழுதுறாங்க, அதுல ஒருத்தர் புதியவரா இருக்கணும். ஸ்கோரை யூடிஸ்க் ஆப்லயே போடறோம், ஹேண்டிகேப் கணக்கு மட்டும் தனி ஷீட்ல.

இன்னொண்ணு 7வது ஹோல். டீல இருந்து குளத்தைத் தாண்டி 220 அடி. நல்லா வீசுறவங்களுக்கு அது ஒரு மிட்ரேஞ்ச் டிஸ்க் வேலை. புதுசா வர்றவங்க ஒரே ஹோல்ல மூணு டிஸ்க்கைத் தண்ணில விட்டு 11, 12ன்னு எழுதுவாங்க, மீதி 11 ஹோலுக்கும் மூஞ்சில உயிர் இருக்காது, டிஸ்க் ஒண்ணு 15, 20 டாலர் வேற. கரையோரமா ஒரு டிராப் ஜோன் போட்டோம், தண்ணில விழுந்தா ஒரு பெனால்டி, அங்க இருந்து தண்ணியைத் தாண்ட வேண்டாம். லீக்ல மட்டும் ஒரு ஹோலுக்கு பார் பிளஸ் 4க்கு மேல எழுதறதில்லன்னும் வெச்சோம். பிடிஜிஏ ரூல்ல லேட்டா வந்து ஹோலைத் தவறவிட்டவங்களுக்கு எழுதுற ஸ்கோரும் அதே பார் பிளஸ் 4தான், அதனால பழைய ஆளுங்களும் முனகாம ஒத்துக்கிட்டாங்க. டோர்னமென்ட்ல இது செல்லாது, அங்க எல்லாத்தையும் எண்ணித்தான் ஆகணும், ஆனா அங்க கடைசி டிவிஷனை கூடைக்குக் கிட்ட இருக்கற ஷார்ட் டீல இருந்து ஆட விடலாம், ஒவ்வொரு டிவிஷனுக்கும் வேற லேஅவுட் வைக்க அனுமதி இருக்கு. அதைச் செஞ்ச வருஷம் ரவுண்டு முக்கா மணி நேரம் சீக்கிரம் முடிஞ்சுது, மதிய சாப்பாடு ஆறிப்போகாம கெடைச்சுது.

இன்னும் தீராதது பெண்கள் டிவிஷன். வாரத்துக்கு ரெண்டு மூணு பேர்தான் வர்றாங்க, தனி டிவிஷன் வெச்சா போட்டியே இல்ல, பொதுவுல சேத்தா சில பேருக்கு விருப்பமில்ல. நாங்களா முடிவு பண்ணாம அன்னன்னிக்கு வந்தவங்களையே கேக்கறோம். முழுத் தீர்வுன்னு சொல்ல மாட்டேன், ஆனா கேக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் திரும்ப வர்றவங்க கூடியிருக்காங்க.

அந்த மதுரைத் தம்பி போன செப்டம்பர்ல மூணாவது டிவிஷன்ல கடைசி ஹோல் வரைக்கும் ஒருத்தரோட சமமா வந்தாப்ல. 18வது ஹோல்ல ரெண்டு பேருக்கும் 25 அடி புட்டிங். எதிராளியோட தட்டு சங்கிலில பட்டு வெளிய விழுந்துச்சு. இவன் மார்க்கருக்குப் பின்னாடி நின்னு ரெண்டு தடவை மூச்சு விட்டு போட்டான், உள்ள நின்னுச்சு. 61 போட்டான், ஒரு த்ரோ கூட தள்ளுபடி இல்ல. என் பக்கம் திரும்பி "அண்ணா, 61, எழுதிக்கங்க"ன்னு கத்தினான்.