கையா, மெசினா? சீலைப் போர்வை தைக்க முதல்

போன மாரிக்கு இரண்டு போர்வை தைத்தேன். ஒன்று முழுக்கக் கையால், மற்றது முழுக்கக் கால்மிதி மெசினில். இரண்டுக்கும் பழைய நூல் சீலைதான். மார்கழியிலிருந்து மாசிப் பனி வரைக்கும் மாறி மாறிப் போர்த்துப் பார்த்தாயிற்று, கேட்கிறவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லியும் அலுத்துவிட்டது.

எங்கள் யாழ்ப்பாணத்துக் குளிரைச் சொன்னால் ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் சிரிப்பாள். அவளுக்குத் தை மாதத்தில் மைனஸ் பத்தெல்லாம் சாதாரணம், இங்கே விடியப்புறம் 22 பாகைக்குக் கிட்ட வந்தாலே நாங்கள் காதை மூடிக்கொள்வோம். ஆனால் நாலரைக்கு எழும்பி, பம்பைப் போட்டுவிட்டு, வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாற வெறுங்காலோடு வாய்க்காலுக்குள் நிற்கிற ஆளுக்கு அந்த 22 தாராளம். அதைவிடத் தொல்லை ஈரம். கார்த்திகையில் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாமல் மணக்கத் தொடங்கிவிடும்.

அதனால் முதல் கேள்வியே உள்ளே என்ன வைப்பது என்பதுதான். மச்சாள் அனுப்பிய குவில்ட் ஒன்று வீட்டில் இருக்கிறது: மேலே துண்டுத் துணி, கீழே ஒரு துணி, நடுவில் பொலியெஸ்டர் பஞ்சு. நல்ல அழகு, தோய்த்தால் கெதியாகக் காயும், அதில் குறை சொல்ல முடியாது. போர்த்தால்தான் வினை. பஞ்சு வேர்வையை இழுக்காது, பத்து நிமிடத்தில் கழுத்து நனைந்துவிடும். இலவம்பஞ்சு தலையணையோடு நிற்கட்டும். அதன் இழை குட்டை, வழுக்கும், ஒன்றையொன்று பிடிக்காது. நெருக்கித் தைக்காவிட்டால் எல்லாம் ஒரு மூலையில் போய் உருண்டு கிடக்கும், இழை இடுக்கால் வெளியே வந்து விடிய மூக்கெல்லாம் பஞ்சாக இருக்கும். மிஞ்சுவது சீலை. ஐந்தரை மீற்றர் சீலையை மூன்றாக மடித்தால் ஆறடி நீளம், நாலடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம், ஒரு ஆளுக்கு அளவெடுத்தது போல. வருடக்கணக்காகத் தோய்த்த துணி, இனிச் சுருங்க ஒன்றுமில்லை. வங்காளத்துக் கந்தாவும் இதே வேலைதான்: பழைய சீலைகளை அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டு போவது.

சரி, கையும் மெசினும். மேல்பக்கத்துக்கு 4 அங்குலச் சதுரம், தையலுக்குச் சுற்றிவரக் கால் அங்குலம் விட்டு நாலரையாக வெட்டினேன், ஒரு போர்வைக்கு 198 துண்டு. மெசினில் இரண்டு பின்னேரத்தில் எல்லாம் பொருந்திவிட்டது. 90களில் கரண்டே இல்லாத வருடங்களிலும் ஓடிய மெசின் அது, வாரை மட்டும் மாற்றியிருக்கிறோம். கையால் இதே 198ஐப் பொருத்த எனக்கு ஐப்பசி முழுக்கப் போனது, அதுவும் தோட்டத்தில் தண்ணீர் நின்று வேலை இல்லாத நாட்களாக இருந்தபடியால். மார்கழியில் நடுகை நேரத்தில் என்றால் நினைத்தும் பார்க்க முடியாது. கோடும் கோணலாகத்தான் வந்தது, அம்மம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அது சொன்னதைவிட மோசம்.

அப்புறம் அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கிற கட்டம். அங்கே மெசின் என்னைக் கவிழ்த்தது. மெசினின் பல் அடித்துணியை இழுத்துக்கொண்டு போக, அமத்துகிற பாதம் மேல்துணியைப் பிடித்து நிறுத்தும், நாலு அடுக்கு என்றால் கரைக்கு வரும்போது மேல்துணி இரண்டு விரல் பிந்தி நிற்கும், நடுவில் சுருக்கம். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பெரிய பெரிய தையலால் முதலில் பிடித்து வைத்தால் கொஞ்சம் குறையும், முழுக்க நிற்காது. பெரிய நட்டம் தோய்த்த பிறகு தெரிந்தது. பழைய துணியில் நெருக்கமாக ஊசி விழுந்தால் தபால் முத்திரைத் தாளில் ஓட்டை போட்ட மாதிரி, மூன்றாம் தோய்ப்பில் அந்தக் கோட்டோடேயே கிழிந்தது. புதுத் துணி என்றால் இந்தக் கதை வேறு, அங்கே மெசின் தையல்தான் உரம்.

கைத்தையல் இளக்கமாக ஓடும், துணியோடு வளையும். இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு வரி. வரிகளுக்கு இடையில் துணி கொஞ்சம் உப்பி நிற்பதால் அங்கே காற்று தங்கும், சூடு அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மெசின் போர்வை தட்டையாக, பாய் மாதிரி விறைத்துக் கிடக்கும். திருவெம்பாவைக்குச் சங்கு ஊதிக்கொண்டு போகிற நேரம், கையால் தைத்ததைப் போர்த்துக்கொண்டு கிடந்தால் எழும்ப மனம் வராது. மற்றதோடு அந்தச் சிக்கல் இல்லை.

கைவேலைக்குக் கொடுக்கவேண்டிய விலையும் இருக்கிறது. பொழுதுபட்ட பிறகு ஒரு மணித்தியாலம் என்று வைத்து அடுக்குத் தையலுக்கு மட்டும் எனக்கு மூன்று கிழமை போனது, பெருவிரல் நுனி மரத்துப்போனது, வெள்ளை பல்ப் வெளிச்சத்தில் கடும்நீலத் துணிக்கு நீல நூல் ஓட்டினால் கண் போய்விடும். நூலை நீட்டமாக எடுக்கவும் கூடாது, ஒரு கை நீளம் போதும், கூடினால் முடிச்சு விழும்.

இந்த முறை மேல்பக்கம் மெசினில் பொருத்தி முடிந்துவிட்டது, அடுக்குத் தையல் கையால் ஓடிக்கொண்டிருக்கிறது, பாதி தாண்டியாயிற்று. ஒன்று மட்டும்: நைலெக்ஸ் என்கிற செயற்கை இழைச் சீலையைக் கொண்டுவந்து இதிலயும் தைக்கலாமோ என்று கேட்காதேங்கோ. கையிலும் வழுக்கும், மெசினிலும் வழுக்கும், நித்திரையில் கட்டிலாலும் வழுக்கி விழும்.