லில்லிபாண்ட்: மவுஸால் இழுக்க முடியாத மென்பொருள்

எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்கு ஒரு பாமாலைப் பாட்டை இசைக்குறிப்போடு அச்சடிக்க வேண்டியிருந்தது. சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் நான்கு குரல், நடுவில் மூன்று சரணமும் தமிழ் எழுத்தில், அடியில் ஆர்கன். முன்பு காசு கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருளில் (பெயர் வேண்டாம்) எது எதோடு இடித்தாலும் மவுஸால் பிடித்து நகர்த்தித்தான் வேலை பார்த்தேன். அப்புறம் ஆல்டோவில் ஒரே ஒரு நோட்டைத் திருத்துவேன், வரி உடையும் இடம் மாறும், நான் ராத்திரி கண் விழித்து நகர்த்தியதெல்லாம் எங்கெங்கோ போய் நிற்கும்.

அதனால்தான் லில்லிபாண்டுக்கு வந்தேன். 1996இல் ஹான்-வென் நீன்ஹாய்ஸ், யான் நியூவென்ஹாய்சன் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் தொடங்கியது, முழுக்க இலவசம். இதில் இசையை எழுத்தாகத் தட்டச்சு செய்கிறோம், அது பிடிஎஃப் ஆக வெளியே வருகிறது. தனியாக இதை மட்டும் வைத்துக்கொண்டு அல்லாடாதீர்கள், ஃப்ரெஸ்கோபால்டி என்ற எடிட்டரையும் போட்டுக்கொள்ளுங்கள். பிடிஎஃப் பக்கத்தில் ஒரு நோட்டைக் கிளிக் செய்தால் அதை நாம் தட்டச்சு செய்த வரிக்கே கூட்டிப்போகும்.

முதல் பிரதி கண்றாவியாக வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்துக்கு இரண்டே சிஸ்டம் (எல்லாக் குரலும் ஆர்கனும் சேர்ந்த ஒரு வரிசை), சில பார்கள் (தாளக் கட்டங்கள்) ரப்பர் மாதிரி இழுபட்டிருந்தன, கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு சிஸ்டம் அனாதையாக. என் பழைய புத்தி உடனே ஸ்டாஃப் (நோட்டுகள் உட்காரும் ஐந்து கோடு) அளவைக் குறைக்கப் போனது. வழக்கமான 20 பாயிண்டை 16 ஆக்கினேன், பாஸ் பாடுகிற பெரியவர்கள் எல்லோரும் மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டிய நிலை.

வழி காட்டியது பேப்பர் பிளாக்கில் (பக்க அமைப்பை எழுதும் பகுதி) போடும் அனோட்டேட்-ஸ்பேசிங் என்ற ஒரு வரி. அதைப் போட்டால் எந்த வரிக்கும் எந்த வரிக்கும் நடுவே எவ்வளவு இடம், அதில் எவ்வளவு கட்டாய இடைவெளி என்று பக்கம் முழுக்க அம்புக்குறியும் எண்ணுமாக வரைந்து காட்டிவிடும். பார்த்தால் நோட்டுகள் மேல் தப்பே இல்லை, இடத்தை விழுங்கியது சரண வரிகள்தான். பாடல் வரி வழக்கமாக மேலே இருக்கும் ஸ்டாஃபோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு ஸ்டாஃபுக்கும் நடுவில் நிற்க வேண்டுமென்றால் ஸ்டாஃப்-அஃபினிட்டி என்ற அமைப்பை சென்டர் என்று மாற்ற வேண்டும். மாற்றிவிட்டு வரிகளுக்கு இடையே உள்ள பேடிங் என்ற இடைவெளியையும் கொஞ்சம் சரிசெய்ததில் பக்கத்துக்கு மூன்று சிஸ்டம் வந்தது, ஸ்டாஃபை மறுபடி 18க்கு ஏற்ற முடிந்தது.

அகல விஷயம் தமிழுக்கே உரியது. 'ணௌ', 'ஞா' மாதிரி எழுத்து ஒன்றே ஆங்கில அசை ஒன்றின் அகலத்தைத் தின்னும். கால் நோட்டுக்குக் கீழே 'கொண்' என்று வந்தால் அந்த பாரே விரியும். எழுத்துருவை அரைப் புள்ளி குறைத்தாலே பாதி சரியாகிறது. மிச்சமிருக்கும் பிடிவாதக்கார அசைக்கு மட்டும் எக்ஸ்-எக்ஸ்டென்ட் என்ற அகல அளவைச் சுழியமாக்கினால் அதன் அகலத்தை மென்பொருள் கணக்கில் எடுக்காது. பக்கத்து அசையோடு இடிக்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், எல்லா இடத்திலும் போட்டுவிடாதீர்கள். எழுத்தெல்லாம் பாங்கோ என்ற எழுத்து வரையும் மென்பொருள் நூலகம் வழியாக வருவதால் கொம்பும் காலும் உடையாமல் ஒழுங்காக நின்றது, நான் பயந்தது அதற்குத்தான்.

அனாதை சிஸ்டத்துக்கு பேஜ்-கவுன்ட் (பக்க எண்ணிக்கை) 4 என்று சொன்னேன், தானே அடங்கியது.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் பிழை அதற்கு இருபது வரி கீழே காட்டும். பார் முடிவில் செங்குத்துக் கோடு போடும் பழக்கம் இல்லாவிட்டால் தாளம் எங்கே வழுக்கியது என்று தேடியே பொழுது போகும். வளைந்து வளைந்து போகும் ஸ்லரை (நோட்டுகளை இணைக்கும் வளைகோடு) அழகாக்க ஷேப் கட்டளையில் நான்கு புள்ளிக்கும் எண் கொடுத்துப் பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும், அந்த ஒரு வேலைக்கு மட்டும் மவுஸ் ஞாபகம் வருகிறது.

போன வாரம் கொயர் மாஸ்டர் பாஸில் இரண்டு பாரை மாற்றச் சொன்னார். மாற்றினேன், நான்கு பக்கம் நான்காகவே நின்றது, ஒன்றும் இடிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அனோட்டேட்-ஸ்பேசிங்கை அணைக்க மறந்து அம்புக்குறிகளோடு இருபது பிரதி எடுத்துவிட்டேன். ஆல்டோ பெண்கள் அதை வைத்தே பயிற்சி செய்கிறார்கள், இப்போதைக்கு.