கீழ்த்தளத்துக்கு ஒரு பேட்டரி பம்பு: இரண்டு மழைக்காலங்களுக்குப் பின்

சம்ப் என்றால் வேலூரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குடிநீர் பிடித்துவைக்கும் நிலத்தடித் தொட்டிதான். நான் எழுதுவது, கீழ்த்தளத்தில் (பேஸ்மென்ட்) ஊறும் நீரை மூலைக் குழியில் சேர்த்து வெளியே தள்ளும் பம்பைப் பற்றி. பெரும்பாலான மாதங்களில் மணல் மட்டுமே தெரியும் பாலாற்றங்கரையில் இதற்கென்ன தேவை என்று சிலர் கேட்கிறார்கள். 2021 நவம்பரில் அதே பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது, சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டில் வாசல் வழியாக ஒரு சொட்டும் நுழையவில்லை. சுவரும் தரையும் சேரும் இடுக்கிலிருந்து கசிந்தே, விடிவதற்குள் கணுக்கால் அளவு நின்றுவிட்டது. குழியில் அரை எச்பி மோட்டார் இருந்தும் கரண்ட் இல்லை.

வீட்டு இன்வெர்ட்டரிலேயே அந்த மோட்டாரை ஓட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஓடும்போது ஏறக்குறைய 500, 600 வாட் எடுக்கும் மோட்டார், கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், எங்கள் 900 விஏ இன்வெர்ட்டர் ஒவ்வொரு முறையும் டிரிப் ஆனது. குழாய் நீரின் அழுத்தத்தாலேயே ஓடும் பம்புகள் வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன. அவை சுமார் 2 லிட்டர் அழுக்கு நீரை அகற்ற 1 லிட்டர் நல்ல நீரைச் செலவழிப்பவை. நாள்விட்டு நாள் குழாயைப் பார்த்துக் காத்திருக்கும் நமக்கு அந்த யோசனையே ஆகாது. ஆகவே தனி பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் டிசி பம்பையும் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியையும் வாங்கினேன்.

கடைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன், குழியின் அடியிலிருந்து வெளியேறும் குழாயின் வாய் வரை எத்தனை அடி என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவரை நம்பினேன். பெட்டியின் மேல் மணிக்கு 7,500 லிட்டர் என்று அச்சிட்டிருந்தாலும், அது உயரமே இல்லாமல் தள்ளும்போது கிடைக்கும் கணக்கு. எங்கள் 10 அடி உயரத்தில் 20 லிட்டர் பக்கெட் நிரம்ப 24 விநாடி ஆனது, அதாவது மணிக்கு 3,000 லிட்டர்தான். எங்கள் கசிவுக்கு அது தாராளம் என்றாலும், அட்டையில் உள்ள எண்ணை நம்பி வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

குறை என்று சொன்னால், நீர் மேலேறியதும் பம்பைத் தானாகக் கிளப்பும் மிதவையான ஃப்ளோட் சுவிட்ச்சைச் சொல்ல வேண்டும். பம்போடு வந்தது ஒயரில் தொங்கி ஊசலாடும் வகை. எங்கள் குழியோ ஒன்றரை அடி அகலம்தான். முதல் மழையிலேயே மிதவை சுவரில் சிக்கிக்கொள்ள, நீர் மேலேறியும் பம்பு கிளம்பவில்லை. ஒரு கம்பியில் மேலும் கீழுமாக நகரும் செங்குத்து மிதவையாக மாற்றிய பிறகு தொல்லை இல்லை. நீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வைப் பிளம்பர் வைக்காமல் விட்டதால், பம்பு நின்றதும் குழாயில் நின்ற 4 லிட்டர் நீர் குழிக்கே திரும்பி, பம்பு மறுபடி மறுபடி கிளம்பிக்கொண்டிருந்ததையும் அடுத்த வாரம் சரிசெய்தேன்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது எங்கள் தெருவில் ஐந்து மணி நேரம் மின்சாரம் இல்லை. ஓடும்போது 10 ஆம்பியர் எடுக்கும் பம்பு விட்டுவிட்டு ஓடியும், பேட்டரியில் பாதிக்கு மேல் மீதம் இருந்தது. இடைவிடாமல் ஓடினால் 100 ஏஎச் பேட்டரிக்கு 10 மணி நேரம் என்பது காகிதக் கணக்கு. அடிவரை வடித்தால் பேட்டரி சீக்கிரம் கெடும் என்பதால் ஐந்தாறு மணி நேரத்தையே நம்ப வேண்டும்.

அந்த நீர் எங்கே போகிறது என்பதில்தான் எனக்கு அதிக அக்கறை. முதலில் குழாயைத் தெருச் சாக்கடையில் விட்டிருந்தோம். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கும் நாமே மழையில் மணிக்கு 3,000 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புவது மனதை உறுத்தியது. மழைநீர்ச் சேகரிப்புக்கான உறைகிணற்றில் விடலாம் என்றால், நிலத்தடி நீர் மேலேறியிருக்கும் நாளில் சுவருக்கு அருகே விடும் நீர் சுற்றிவந்து அதே இடுக்கில் கசியும். எனவே வண்டி எண்ணெய் கலந்து வரும் முதல் கலங்கலைத் தனியே விட்டுவிட்டு, மீதியை ஜல்லியும் மணலும் நிரப்பிய தொட்டி வழியாக, பயனற்றுக் கிடந்த 6,000 லிட்டர் தொட்டியில் சேர்க்கிறோம். அது நிரம்பி வழிவது மட்டும் வீட்டிலிருந்து 20 அடி தள்ளியுள்ள உறைகிணற்றுக்குப் போகிறது. தொட்டி நீர் கழிவறைக்கும் செடிகளுக்கும் தை மாதம் வரை வந்தது.

பம்பை வாங்க எண்ணுபவர்கள் குழியின் அகலத்தையும் உயரத்தையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பேட்டரியைத் தரையில் வைக்காமல் மூன்றடி உயரப் பலகையில் வையுங்கள். நான் மாதத்தின் முதல் ஞாயிறன்று மெயின் சுவிட்ச்சை அணைத்துவிட்டு, குழியில் நான்கு பக்கெட் தண்ணீர் ஊற்றி, பம்பு தானாகக் கிளம்புகிறதா என்று பார்க்கிறேன். ஊற்றுவதும் அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான்.