போட்டோ செட் போட்டுத் தருகிறேன் என்று வருபவரிடம் முன்பணம் கொடுக்கும் முன்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கம் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கல்யாணம், சீர், மணிவிழா என்று எதற்கும் இப்போது ‘தீம் போட்டோ’ எடுப்பது வழக்கமாகிவிட்டது. அதற்காகத் தனியாகச் செட் வடிவமைத்துத் தருகிறோம் என்று எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களில் நல்ல கலைஞர்களும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவரல்லர். விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் அவருடைய பெயரையும் கடையின் பெயரையும் இங்கே போடவில்லை. ஆளை அடையாளம் காண வேறு வழி சொல்கிறேன்.

அப்பாவுக்கு எண்பது நிறைந்தது. இளமையில் அவர் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். கொட்டகை ஊர் மாறும்போதெல்லாம் மெஷினோடு மாட்டுவண்டியில் போனவர். அவரையும் அம்மாவையும் ஒரு டூரிங் டாக்கீஸ் வாசலில் உட்கார வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்பது என் தங்கையின் யோசனை. மண்டபமெல்லாம் வேண்டாம், எங்கள் தென்னந்தோப்பிலேயே ஒரு கொட்டகை முகப்பு போதும் என்று முடிவு செய்தோம்.

வேண்டியவற்றை வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினேன். கீற்று வேய்ந்த முகப்பு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகக் கை நுழையும் அளவில் ஓட்டை வைத்த டிக்கெட் கவுண்டர், தரையில் மணல், ஓரமாக ஒரு மெஷின் அறை, அதில் கார்பன் விளக்குப் பெட்டியும் மேலே புகைக்குழாயும் வைத்த புரொஜெக்டர் மாதிரி ஒன்று. நான் ஓவிய ஆசிரியன் என்பதால் பென்சிலில் அளவோடு வரைந்தும் கொடுத்தேன். இந்தப் பகுதிக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு புரியட்டும் என்று சாமிக்கண்ணு வின்சென்ட் கதையையும் சொன்னேன். கோவைக்காரர், ரயில்வேயில் வரைவாளராக இருந்தவர், 1905-இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்தவர். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டியதும் அவர்தான். செட் போடுபவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “சார், நீங்கள் ஒன்றும் கவலைப்படாதீர்கள், அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்” என்றார். அந்த வாக்கை மட்டும், வேறு வகையில், காப்பாற்றினார்.

பேசிய தொகை 90,000 ரூபாய். முன்பணமாக 60,000 அனுப்பினோம். கம்ப்யூட்டரில் செய்த 3டி படம் ஒன்று வந்தது. பார்க்க அருமையாக இருந்தது. ஆனால் அதில் அடி, அங்குலம் எதுவும் இல்லை. அளவு போட்ட வரைபடம் கேட்டதற்கு, “வேலை ஆரம்பித்ததும் அனுப்புகிறேன்” என்று பதில் வந்தது. வரைபடம் வரவில்லை. இப்போது யாராவது கேட்டால் இந்த இடத்தில்தான் நிறுத்தச் சொல்வேன். செட் போடத் தெரிந்தவர் முதலில் கேட்கும் கேள்விகளே வேறு. எத்தனை பேர் நிற்பார்கள், கேமரா எவ்வளவு தூரத்தில் நிற்கும், எந்த லென்ஸ், வெயில் எந்தப் பக்கம் விழும், மின்சாரம் எங்கிருந்து எடுப்பது என்று துருவுவார். இவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மீதிப் பணம் ரொக்கமா, ஜிபேயா?

விழா நாள் காலையில் மினி லாரி வந்து நின்றது. இறக்குவதற்கு முன்பே பில்லை நீட்டினார். மீதி 30,000, மொத்தத் தொகை 90,000-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 16,200, அதற்கும் கீழே ‘வாளையாறு செக்போஸ்ட் வரி’ என்று 4,500 ரூபாய். வண்டி வந்தது பொள்ளாச்சியிலிருந்து, கோபாலபுரம் வழியாக. வாளையாறு கோவை சாலையில் இருக்கிறது. அது கிடக்கட்டும், 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததோடு எல்லையில் சரக்குக்கு வரி வசூலிக்கும் சாவடிகள் கேரளத்தில் முடிந்துவிட்டன. வண்டி பர்மிட் என்பது தனி விஷயம், அது வண்டிக்காரர் பாடு. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்டினால் இ-வே பில் இருக்க வேண்டுமே, அதைக் காட்டுங்கள் என்றேன். “ஆபீசில் இருக்கிறது” என்றார். பணம் வராமல் ஒரு பலகையையும் இறக்க மாட்டோம் என்று ஆட்கள் லாரியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சொந்தபந்தம் எல்லாம் வந்திருக்கும் வேளையில் வாசலில் தகராறு வேண்டாம் என்று தங்கை கணவர் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

இறக்கியதைப் பார்த்தோம். கீற்று இல்லை. மணல் இல்லை. பன்னிரண்டு அடிக்கு எட்டு அடியில் ஒரு பளபளப்பான ஃபிளெக்ஸ். அதில் சிவப்பு வெல்வெட் திரை, பாப்கார்ன் டப்பா, ஆங்கில எழுத்துகள், சுழன்று நெளியும் ஃபிலிம் சுருள். இந்த மாதிரி சினிமாக் கொட்டகையில் என் அப்பா கால் வைத்ததுகூடக் கிடையாது. டிக்கெட் கவுண்டர் தெர்மாகோலில் செய்தது. அதன்மேல் டப்பா ஸ்பிரே பெயின்ட் அடித்திருந்தார்கள். ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும் என்பது என்னிடம் ஆறாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீரில் கலக்கும் எமல்ஷன்தான் அதற்குப் பூச வேண்டும். கவுண்டரின் முன்பக்கம் முழுக்க அம்மைத் தழும்புபோல் குழி விழுந்து, ஓரங்கள் உள்வாங்கி நின்றன. அதன் நெற்றியில் ‘தரை டிக்கெட்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘திரை டிக்கெட்’ என்று எழுதியிருந்தது. சுழியைச் சிவப்பு நிறத்தில் சற்றுப் பெரிதாகவே போட்டிருந்தார்கள்.

புரொஜெக்டர் என்று வைத்தது வீட்டு அலமாரியில் வைக்கும் அலங்காரப் பொம்மை, ஒரு சாண் உயரம். அப்பா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்க மூடியைத் திறக்கப் பார்த்தார், திறக்கவில்லை. “கார்பன் எங்கே மாட்டுவது?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அவரே பக்கத்திலிருந்த பேரனுக்கு விளக்க ஆரம்பித்தார். இரண்டு கார்பன் குச்சிகள் எதிரெதிராக நிற்கும், நடுவில் சிறு இடைவெளி, அதில்தான் பொறி பறந்து வெள்ளை வெளிச்சம் வரும், குச்சி எரிந்து குறையக் குறைய ஆபரேட்டர் நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும், வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும். ஒற்றை மெஷின் கொட்டகையில் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை, அதனால் முறுக்குக்காரருக்குக் கொண்டாட்டம். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே பொம்மையைப் பத்திரமாகத் திருப்பி வைத்தார். அந்த நாளில் நான் பார்த்த ஒரே டூரிங் டாக்கீஸ் அவர் வாயிலிருந்து வந்ததுதான்.

படம் எடுக்க வந்த தம்பி இந்த ஊர்ப் பையன், தொழில் தெரிந்தவர். ஃபிளாஷ் அடித்தால் ஃபிளெக்ஸின் பளபளப்பில் நடுவே வெள்ளைக் குளம் தெரிந்தது. விளக்குகளை இரண்டு பக்கமும் சாய்வாக நகர்த்தி, அப்பா அம்மாவைப் பின்னணியிலிருந்து ஆறடி முன்னால் உட்கார வைத்துப் பார்த்தார். குளம் ஓரளவு வற்றியது. அப்போது இன்னொன்று கண்ணில் பட்டது. ஃபிளெக்ஸில் இருந்த காட்சி மேலிருந்து கீழே பார்த்து எடுத்த படம். அதன் தரை சரிந்து இறங்குகிறது. கேமராவோ நாற்காலியில் இருப்பவரின் கண் மட்டத்தில் நிற்கிறது. பின்னணியின் தொடுவானக் கோடும் கேமராவின் உயரமும் ஒன்றாக இல்லாவிட்டால் முன்னால் இருப்பவர்கள் அந்தரத்தில் மிதப்பார்கள். நாடகக் கம்பெனிகளுக்குச் சீன் எழுதிய ஓவியர்கள் இதை விரல் நுனியில் வைத்திருந்தார்கள். ரீப்பர் சட்டத்தில் காடாத்துணியை இழுத்து அடித்து, வஜ்ஜிரப் பசை கலந்த வெள்ளை பூசி, மங்கலான வண்ணத்தில் எழுதுவார்கள். துளி பளபளப்பு இருக்காது. இந்த ஃபிளெக்ஸையோ இணையத்தில் கிடைத்த சின்னப் படத்தை ஊதிப் பெருக்கி அடித்திருக்கிறார்கள். ஆயிரம் புள்ளி அகலமுள்ள படத்தைப் பன்னிரண்டு அடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு ஏழு புள்ளிதான் வரும். பாப்கார்ன் ஒவ்வொன்றும் செங்கல் மாதிரி தெரிந்ததற்குக் காரணம் அதுதான்.

பிறகு காற்று. ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருக்கும் இடம் இது. தென்மேற்குப் பருவக்காற்று இதன் வழியாகத்தான் கிழக்கே பாய்கிறது. கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கத்திலும் காற்றாலை நட்டிருப்பது சும்மா இல்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவிட்டு, மேற்கே முகம் காட்டி நிறுத்தாதீர்கள், பின்னால் முட்டுக் கொடுத்து மணல் மூட்டை வையுங்கள் என்று நானே கேட்டுக்கொண்டேன். “எங்கள் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்றார். பார்த்துக்கொண்டது இரண்டு சவுக்குக் கம்பும் நைலான் கயிறும். பள்ளியில் இயற்பியல் எடுக்கும் நண்பர் பிற்பாடு கணக்குப் போட்டுக் காட்டினார். பன்னிரண்டுக்கு எட்டு ஃபிளெக்ஸின்மேல் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால் ஏறத்தாழ 70 கிலோ விசை தள்ளும். எல்லாரும் பந்தியில் இருந்தபோது சட்டம் மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்தது. சற்று முன்னால்வரை அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்த நாற்காலிகள் அடியில் கிடந்தன. ஒன்றின் கை உடைந்திருந்தது. அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லாதது யார் செய்த புண்ணியமோ.

செட் போட்டவர் அப்போது ஊரிலேயே இல்லை. போன் எடுக்கவில்லை. இரவில் ஒரு செய்தி அனுப்பினார்: “இது கலை வேலை சார், பணம் திருப்பித் தரும் வழக்கம் இல்லை. காற்று இயற்கைச் சீற்றம்.” மறுநாள் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

அவருடைய இணையப் பக்கத்தில் இருந்த படங்களைத் தங்கை ஒவ்வொன்றாக கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தாள். பாதிக்கு மேல் வேறு ஊர்களில் வேறு கலைஞர்கள் செய்த செட்டுகள். மூலையில் இருந்த பெயர் முத்திரையை மட்டும் வெட்டியிருக்கிறார். பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண் 32 என்று தொடங்குகிறது. 32 கேரளத்தின் எண், தமிழ்நாட்டுக்கு 33. பொள்ளாச்சிக் கடைக்குக் கேரள எண் எப்படி என்று ஜிஎஸ்டி தளத்தில் தேடினால், அந்தப் பதினைந்து இலக்கமும் சம்பந்தமே இல்லாத ஒரு ஹார்டுவேர் கடையுடையது. ஆக, வரி என்று வாங்கிய 16,200 ரூபாய் அரசுக்குப் போகவில்லை. முன்பணம் கொடுக்கும் முன் யாரும் இரண்டு நிமிடத்தில் இதைச் சோதித்துவிடலாம், கட்டணம் கிடையாது.

எல்லைக்காரர்களான நமக்கு ஒரு பயம் உண்டு. அவன் அந்த மாநிலம், நாம் இந்த மாநிலம், வழக்குப் போட்டால் பொள்ளாச்சிக்கு அலைய வேண்டும் என்று விட்டுவிடுவோம். இவர்கள் நம்பி இருப்பதும் அதைத்தான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின் அந்த அலைச்சல் தேவையில்லை. புகார் கொடுப்பவர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். நாங்கள் பாலக்காட்டில் தொடர்ந்திருக்கிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு, நான் வரைந்த அளவுப்படம், இறக்கியவுடன் எடுத்த படங்கள், கவிழ்ந்து கிடந்ததன் வீடியோ எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். நோட்டீஸ் போயிருக்கிறது, அவர் இன்னும் வரவில்லை.

இதற்கிடையே அவர் பக்கத்தின் பெயரை மாற்றிவிட்டார். புதுப் பெயரில், காற்று வீசுமுன் எடுத்த எங்கள் வீட்டுப் படத்தையே ‘கேரளா மணிவிழா ஸ்பெஷல்’ என்று விளம்பரமாகப் போட்டிருக்கிறார். அப்பா அம்மாவின் முகத்தை மங்கலாக்கியிருக்கிறார், கவுண்டரை அப்படியே விட்டுவிட்டார். ‘திரை டிக்கெட்’ என்று சிவப்புச் சுழியோடு எழுதிய கவுண்டர் எந்தப் பக்கத்தில் கண்ணில் பட்டாலும் அதுதான் ஆள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியும் பக்கத்தின் முகவரியும் தெரிகிற மாதிரி எனக்கு அனுப்புங்கள். அடுத்த வாய்தாவுக்கு முன் கிடைத்தால் கோப்பில் சேர்த்துவிடுவேன்.